சிவப்பு ஃப்ளாட்வார்ம் (தட்டைப்புழு) தொட்டி பூரா பரவிடுச்சு, சனிக்கிழமை மருந்து ஊத்தலாமா?

ஈசூன்ரீஃப் | செவ்வாய், ராத்திரி 11:42

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீடு, ஹால்ல 3 அடி கடல்மீன், பவளத் தொட்டி, 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கீழ சம்ப் (துணைத் தொட்டி), எல்லாம் சேத்து ஒரு 200 லிட்டர் இருக்கும். ஆரம்பிச்சு 14 மாசம் ஆச்சு, சில்லர் 26 டிகிரியில ஓடுது, மீன்ல க்ளவுன் ஜோடி ஒன்னு, யெல்லோ டேங் ஒன்னு, பவளத்துல ஹேமர், டார்ச், மஷ்ரூம், கொஞ்சம் ஜோவா. நைட்ரேட் 20க்கு மேலயே நிக்குது, அத ஒத்துக்கறேன், தீனி கொஞ்சம் கூடுதலாதான் போட்டுட்டேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர்கிட்ட செகண்ட்ஹேண்டா ஒரு ஹேமர் துண்டு 25 வெள்ளிக்கு வாங்கினேன், எம்ஆர்டி ஸ்டேஷன்ல வெச்சு கை மாத்தினது, வீட்டுக்கு வரவே பத்தரை ஆயிடுச்சு, மறுநாள் காலை ஷிஃப்ட்டு வேற, டிப் பண்ணாம, அதாவது மருந்துத் தண்ணியில முக்கி எடுக்காம, நேரா தொட்டிக்குள்ள வெச்சுட்டேன். மூனு வாரம் கழிச்சு மணல்ல அங்கங்க துரு மாதிரி புள்ளி தெரிஞ்சுது. டயட்டம், பழுப்புப் பாசின்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் கண்ணாடிகிட்ட போய் பாத்தா அந்தப் புள்ளி நகருது!

இப்ப நெலம ரொம்ப மோசம். லைட் போட்டு ரெண்டு மணி நேரத்துல கல்லு மேல, மஷ்ரூம் மேல, பின் கண்ணாடியில எல்லாம் செங்கல் நிறத்துல போர்வ போத்தின மாதிரி இருக்கு. மஷ்ரூம் விரியறதே இல்ல. ஒவ்வொன்னும் 3, 4 மில்லிமீட்டர்தான், பின்பக்கம் வால் மாதிரி பிரிஞ்சிருக்கு.

சாலிஃபர்ட் ஃப்ளாட்வார்ம் எக்ஸிட் பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். சனிக்கிழமை லீவு, அன்னிக்கே ஊத்திடலாம்னு இருக்கேன். கடைக்கார அங்கிள் மருந்தே வேணாம், மாண்டரின் மீன் ஒன்னு விடு, அது தின்னுடும்னாரு. எது சரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், மகளும் நானும் சேந்து வெச்ச தொட்டி இது, மனசே சரியில்ல.

உப்புக்காத்து | புதன், காலை 6:15

தம்பி, இந்தச் சனிக்கிழமை ஊத்தாதீங்க. மருந்து நல்ல மருந்துதான், நானே ரெண்டு தடவ போட்டிருக்கேன், ஆனா இப்ப உங்க தொட்டியில இருக்கிற எண்ணிக்கைக்கு ஊத்தினா புழுவோட சேந்து மீனும் போயிடும்.

மொதல்ல அது என்னன்னு உறுதி பண்ணிக்குவோம். துரு நிறம், தட்டையா, பின்னாடி ரெண்டு மூனு பிரிவா இருக்குன்னா அது கன்வலூட்ரிலோபா. எல்லாரும் ஃப்ளாட்வார்ம்னு சொல்றோம், ஆனா ஆராய்ச்சி பண்றவங்க இத இப்ப தட்டைப்புழு வகையிலயே சேக்கறதில்ல, ஏசீல்னு தனி வகை, வாய் உண்டு, ஆனா கொடல்னு ஒன்னு கெடையாது. ஒடம்புக்குள்ள பாசி வாழுது. வெளிச்சத்துல அந்தப் பாசி சாப்பாடு தயார் பண்ணிக் கொடுக்கும், அதான் லைட் போட்டதும் மேல வந்து படுத்துக்குது. மஷ்ரூமத் திங்கறது இல்ல, மேல மூடி வெளிச்சத்த மறைக்குது, அதுலதான் மஷ்ரூம் சுருங்கறது.

குட்டி போடறதப் பத்தியும் தெரிஞ்சுக்கங்க. பூதக்கண்ணாடி இருந்தா ஒரு வெள்ளைக் கிண்ணத்துல நாலு புழுவ விட்டுப் பாருங்க. வால் பக்கத்துல சின்னதா ஒரு மொட்டு நீட்டிக்கிட்டு இருக்கும், அதோட தலை தாயோட தலைக்கு நேர் எதிர்ப் பக்கமா இருக்கும். தாய் ஒரு பக்கம் இழுக்கும், குட்டி மறுபக்கம் இழுக்கும், கடைசியில பிச்சுக்கிட்டுப் போயிடும். ஜோடியும் வேணாம் முட்டையும் வேணாம். ஒன்னே ஒன்னு மிஞ்சினாலும் ரெண்டு மாசத்துல திரும்ப இதே கதைதான்.

இப்ப மருந்து விஷயம். உயிரோட இருக்கிற புழுவால மீனுக்குப் பெரிய ஆபத்து இல்ல தம்பி. சாகும்போதுதான் உள்ள இருக்கிற விஷம் தண்ணியில கலக்குது. நூறு செத்தா தொட்டி தாங்கும், பத்தாயிரம் ஒரே நேரத்துல செத்தா தாங்காது. அதனால மொதல்ல கையால எடுங்க. மூனு வாரம் எடுங்க, எண்ணிக்க நல்லா கொறையட்டும், அதுக்கப்புறம் மருந்து.

எடுக்கறதுக்கு ஏர் பம்ப் ட்யூப் போதும், பெரிய குழாய் வெச்சா தண்ணிதான் கொட்டும், புழு வராது. லைட் போட்டு ஒரு ரெண்டு மணி நேரம் விடுங்க, தண்ணிய ஓட வைக்கிற வேவ்மேக்கர், ரிடர்ன் பம்ப் ரெண்டையும் நிறுத்துங்க, ட்யூப் நுனிய புழுவுக்கு ஒரு விரக்கட தள்ளி வெச்சு மெதுவா ஓட்டுங்க. மறு நுனி சம்ப்ல ஃபில்டர் சாக்குக்குள்ள (வடிகட்டுத் துணிப்பை) இருக்கட்டும். 100 மைக்ரான் சாக் இருந்தா தண்ணி திரும்ப சம்ப்புக்கே போயிடும், புழு சாக்குலயே நிக்கும், தண்ணி மாத்தற வேலையே இல்லாம தினமும் எடுக்கலாம். முடிச்சதும் சாக்க கொழா தண்ணியில அலசுங்க, நல்ல தண்ணி பட்ட நிமிஷமே செத்துடும். அந்தத் தண்ணிய டாய்லெட்ல ஊத்துங்க, வெளிய லோங்காங்ல (வடிகால்ல) ஊத்த வேணாம், நம்ம லோங்காங் தண்ணி கடைசியில நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகுது.

நீலக்கடல்77 | புதன், மதியம் 12:50

ப்ரோ இவ்ளோ கஷ்டமே வேணாம், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன் விடுங்க. என் தொட்டியில இதே பிரச்சன வந்துச்சு, சிக்ஸ்லைன் விட்டு ஒரு மாசத்துல ஒன்னு கூட கண்ணுல படல. மருந்து கிருந்து எதுவும் போடல.

உப்புக்காத்து | புதன், மதியம் 1:30

உங்க தொட்டியில நடந்தத நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது மீனுக்கு மீன் மாறும். எங்கிட்ட இருந்த சிக்ஸ்லைன் ரெண்டு புழுவ வாயில போட்டுத் துப்பிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகல. அது வளந்தா முரடும் கூட, அப்புறம் புது மீன் எதுவும் விட முடியாது. ராஸ் வேணும்னா மெலனூரஸ், இல்ல மஞ்சள் நிறத்துல இருக்கிற யெல்லோ கோரிஸ், இது ரெண்டும் கொஞ்சம் சாதுவா இருக்கும், ஆனா தூங்கறதுக்கு 5 சென்டிமீட்டராவது மணல் வேணும், தொட்டிக்கு மூடி வேணும், இல்லன்னா ஒரு நாள் காலையில தரையிலதான் பாப்பீங்க. புழு மிச்சம் மீதி இருக்கும்போது காவலுக்கு நல்லது. பரவின பிறகு அது ஒன்ன மட்டும் நம்பி உக்காந்திருக்க முடியாது.

மாண்டரின் வேணவே வேணாம். அது நாள் பூரா கோபிபாட்ங்கற பொடி உயிரிங்களப் பொறுக்கித் திங்கற மீன், 14 மாசத்துத் தொட்டி, அதுவும் 3 அடி, பட்டினி கெடந்து வயிறு ஒட்டிச் சாகும். புழுவத் தின்னாலும் தின்னும், தின்னாமலும் போகும், அதுக்காக ஒரு உயிர வாங்கி விடறது எனக்குச் சரியாப் படல. நீல வெல்வெட் நியூடிபிராங்க்னு ஒரு கடல் நத்தை எப்பவாச்சும் கடைக்கு வரும், அது இந்தப் புழுவ மட்டும்தான் தின்னும், நல்லாவே தின்னும், ஆனா புழு முடிஞ்சதும் அதுக்குச் சோறு இல்ல. அது வேவ்மேக்கர்ல மாட்டிக்கிட்டாலும் ஆபத்துதான்.

தெம்பனிஸ்பவளம் | புதன், ராத்திரி 9:05

தம்பி, உப்புக்காத்து அண்ணன் சொல்றதக் கேளுங்க. கேக்காம போட்டா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன்.

எங்க வீட்டுலயும் இதே புழு, இதே மருந்து. அளவு கூட சரியாதான் போட்டேன், பாட்டில்ல சொன்னதுக்கு ஒரு சொட்டு கூட அதிகம் இல்ல. ஆனா ஒரு நாள் கூட புழுவ உறிஞ்சி எடுக்கல. மருந்து இருக்கே, எதுக்கு எடுக்கணும்னு நெனச்சேன். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டேன், புள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் பொறுமையா பாக்கலாம்னு. பத்து நிமிஷத்துல புழு எல்லாம் கல்ல விட்டு கழண்டு சுருண்டு மெதக்க ஆரம்பிச்சுது, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அரை மணி நேரத்துல தண்ணி நிறம் மாறுச்சு, தே ஓ (பால் இல்லாத டீ) மாதிரி. சம்ப்ல ஸ்பாஞ்ச் மேல சிவப்பா கொழகொழன்னு படிஞ்சிருந்துச்சு. அப்புறம் பர்ப்பிள் டேங் மூலையில போய் மேல பாத்து மூச்சு வாங்குது, செவுள் படபடன்னு அடிக்குது.

விஷத்த உறிஞ்சற கார்பன் ஒரு கைப்பிடிதான் வீட்டுல இருந்துச்சு. உப்புத்தண்ணி கலந்து வைக்கல. கடை எல்லாம் மூடியாச்சு. அவசரத்துக்கு ஆர்ஓ (வடிகட்டின) தண்ணியும் ஒரு வாளிதான் இருந்துச்சு. என் வீட்டுக்காரரு கொழா தண்ணியில உப்பு கலந்து ஊத்திடலாமான்னாரு, வேணாம்னு சொல்லிட்டேன், நம்ம ஊரு கொழா தண்ணியில இருக்கிறது குளோரமின், ராத்திரி பூரா தெறந்து வெச்சாலும் போகாது, அந்த நேரத்துல அது வேற சேந்தா அவ்ளோதான்.

பன்னெண்டரைக்கு அது போயிடுச்சு. அஞ்சு வருஷம் எங்ககிட்ட இருந்த மீன். நான் கை நீட்டினா நோரி (கடல்பாசித் தாள்) பிடுங்க மேல வரும். மறுநாள் ரெண்டு க்ளவுனும் போச்சு. பவளம் எல்லாம் பொழச்சுது, மீன் ஒன்னு கூட மிஞ்சல.

தயவு செஞ்சு காலையில போடுங்க. கடை தெறந்திருக்கிற நேரத்துல, நாள் பூரா நீங்க தொட்டி முன்னாடி உக்காரக்கூடிய நாள்ல போடுங்க.

ஈசூன்ரீஃப் | புதன், ராத்திரி 10:20

அக்கா, படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரொம்ப சாரி. நல்லவேள கேட்டேன். எங்கிட்டயும் கார்பன் கொஞ்சம்தான் இருக்கு.

அண்ணே, சாக் நாளைக்கே வாங்கிடறேன். மருந்து போடற அன்னிக்கு என்னென்ன தயாரா இருக்கணும்? 200 லிட்டருக்குக் கணக்குப் போட்டுக்கலாமா?

உப்புக்காத்து | வியாழன், காலை 6:40

அக்காவோட அனுபவத்துக்கு மேல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு. அவங்க சொன்ன கார்பன், உப்புத்தண்ணி, காலை நேரம், மூனும்தான் உயிர்.

அளவு 200ன்னு கண்ண மூடிக்கிட்டுப் போடாதீங்க. 90, 45, 45 பெருக்கினா விளிம்பு வரைக்கும் நெறச்சாதான் 182. மேல 3 சென்டிமீட்டர் விட்டிருப்பீங்க, அப்ப 170. கல்லும் மணலும் ஒரு 20, 25 லிட்டர் எடத்த அடைச்சுக்கும். சம்ப்ல ஓடற மட்டத்துக்கு எவ்ளோ தண்ணின்னு டேப் வெச்சு அளங்க, 45 இருந்தா மொத்தம் 190தான் வருது. கூடுதலாப் போட்டாலும் தப்பு, கம்மியாப் போட்டா பாதி பொழச்சுக்கும், அதுவும் தப்பு.

மொத நாளே 60 லிட்டர் உப்புத்தண்ணி கலந்து பம்ப் போட்டு ஓட விடுங்க. லிட்டருக்கு 35லேர்ந்து 38 கிராம், உப்பு மார்க்குக்கு மார்க்கு மாறும், உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 காட்டணும். ஆர்ஓ தண்ணியில கலங்க, நேரம் இல்லன்னா கடையில கடல் தண்ணி விக்கறாங்க, வாங்கி வெச்சுக்கங்க. ஹால்ல வாளி சும்மா நின்னா 30, 31 டிகிரிக்கு ஏறிடும், தொட்டி 26ல இருக்கு, ஏர்கான் ரூம்ல வெச்சு எறக்கிட்டு ஊத்துங்க. கார்பன் 200 கிராம் அலசி ரெடியா இருக்கட்டும், மருந்து வேல செய்யற நேரத்துல உள்ள இருக்கக்கூடாது. யூவி விளக்கு இருந்தா ஆஃப். ஏர் ஸ்டோன் ரெண்டு போடுங்க, இந்த நேரத்துல மீனுக்குக் காத்து ரொம்ப முக்கியம்.

மருந்து போடறதுக்கு முன்னாடி ஒரு கப்புல தொட்டித் தண்ணி எடுத்து பத்து புழுவ விட்டு மருந்து கலந்து பாருங்க. சாகுதான்னு தெரிஞ்சுக்கிட்டு தொட்டிக்குப் போடுங்க.

இந்த மூனு வாரமும் தீனியப் பாதியாக் கொறைங்க. பம்ப் திசைய மாத்தி தண்ணி தேங்கற மூலையில அடிக்க விடுங்க, ஓட்டம் இருக்கிற எடத்துல இந்தப் புழு தங்காது.

செங்காங்மணல் | வியாழன், மாலை 7:10

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். லைட்ட மூனு நாள் அணைச்சுட்டா பாசி செத்து புழுவும் சாகும்னு ஒருத்தர் சொன்னாரு, அது வேல செய்யுமா?

உப்புக்காத்து | வியாழன், இரவு 8:00

கொஞ்சம் கொறையும், தீராது. புழுவ விட பவளத்துக்குதான் கஷ்டம், அதுவும் ஏற்கனவே மூடிக்கெடந்து சோந்து போன மஷ்ரூமுக்கு. ஈசூன் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, லைட் இல்லன்னா புழு கல்லுக்கு அடியில போயிடும், உறிஞ்சி எடுக்க முடியாது.

ஈசூன்ரீஃப் | மூனு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 9:30

எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். நேத்து போட்டேன். மீன் எல்லாம் நல்லா இருக்கு.

மூனு வாரத்துல 16 நாள் உறிஞ்சி எடுத்தேன், மிச்ச நாள் ஓவர்டைம். மொத நாள் சாக்கத் திருப்பிப் பாத்தப்ப அடியில அரிசிக் களி மாதிரி திரண்டு கெடந்துச்சு, சிவப்புக் களி, ஒரு டீஸ்பூனுக்கு மேலயே இருக்கும். அத்தனையும் ஒரே நேரத்துல உள்ள செத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்பதான் புரிஞ்சுது. ரெண்டாவது வாரத்துலேர்ந்து மகதான் டார்ச் அடிச்சா, எங்க இருக்குன்னு விரலால காட்டுவா, நான் ட்யூப கொண்டு போவேன். வெள்ளைக் கிண்ணத்துல விட்டு அண்ணன் சொன்ன மொட்டையும் பாத்தோம், ஒன்னு தாயவிட்டுப் பிரியற நேரத்துல சரியா மாட்டுச்சு, ரெண்டும் ரெண்டு பக்கமா இழுத்துக்கிட்டுக் கெடந்து டப்னு விட்டுச்சு. கடைசி வாரம் ஒரு நாளைக்கு 30, 40 எடுத்தாலே பெருசு.

நேத்து காலை 10 மணிக்கு மருந்து. கப்புல போட்டுப் பாத்தேன், 6 நிமிஷத்துல பத்தும் சுருண்டுடுச்சு. அளந்து பாத்தா மொத்தம் 188 லிட்டர், அண்ணன் கணக்கு கிட்டத்தட்ட சரி. 10:15க்கு கல்லுக்கு அடியிலேர்ந்தெல்லாம் கழண்டு வர ஆரம்பிச்சுது, எடுத்து முடிச்சிட்டோம்னு நெனச்ச எடத்துலேர்ந்து வந்ததுதான் ஆச்சரியம், ஓவர்ஃப்ளோ பாக்ஸ் உள்ள மட்டும் ஒரு அம்பது இருக்கும். மகளும் நானும் ஆளுக்கொரு ட்யூப். 10:40 வாக்குல டேங் கொஞ்சம் வேகமா மூச்சு விட்ட மாதிரி தெரிஞ்சுது, எனக்கு உடனே அக்கா எழுதினதுதான் ஞாபகம் வந்துச்சு, காத்திருக்காம கார்பன போட்டு 60 லிட்டரும் மாத்திட்டேன். அரை மணி நேரத்துல பழைய மாதிரி ஆயிடுச்சு, சாயங்காலம் நோரி தின்னுச்சு. ஹேமர் இன்னும் முழுசா விரியல. மஷ்ரூம் ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குதான் தட்டையா விரிஞ்சிருக்கு, அந்தப் பச்ச நிறத்தையே மறந்துட்டேன்.

ஆனா இன்னிக்குக் காலையில டார்ச் அடிச்சுப் பாத்தா சம்ப்ல ரெண்டு புழு உயிரோட ஊருது. மறுபடி போடணுமா?

தெம்பனிஸ்பவளம் | ஞாயிறு, காலை 10:05

டேங் பொழச்சதே போதும் தம்பி. படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. மகளுக்கு என் அன்பச் சொல்லுங்க.

உப்புக்காத்து | ஞாயிறு, காலை 10:40

நல்லா செஞ்சீங்க, 10:40க்குக் காத்திருக்காம கார்பன் போட்டது ரொம்ப சரி.

ஆமா, இன்னொரு தடவ போடணும். நேத்துலேர்ந்து ஒரு வாரம் கழிச்சு, வர்ற சனிக்கிழம, அதே அளவு, அதே ஏற்பாடு, இந்த தடவ புழு கம்மி, பயம் இல்ல, ஆனாலும் தண்ணியும் கார்பனும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. போடறதுக்கு முன்னாடி இப்ப போட்டிருக்கிற கார்பன வெளிய எடுக்க மறந்துடாதீங்க, நெறய பேர் அத மறந்துட்டு மருந்து வேல செய்யலன்னு சொல்லுவாங்க. சம்ப்ல தண்ணி தேங்கற மூலை, ஓவர்ஃப்ளோ உள்ள, பம்ப்புக்குப் பின்னாடி எல்லாம் ட்யூப வெச்சு இன்னிக்கே ஒரு தடவ உறிஞ்சிடுங்க.

அப்புறம் புதுசா எந்தப் பவளம் வந்தாலும், எவ்ளோ லேட் ஆனாலும், ரெண்டு கிண்ணம் எடுத்து வெச்சுக்கங்க. ஒன்னுல தொட்டித் தண்ணியில கோரல் டிப் கலந்து பாட்டில்ல சொன்ன நேரம் வைங்க, டர்க்கி பேஸ்டர் (ரப்பர் பல்பு வெச்ச குழாய்) வெச்சு நாலு பக்கமும் பீச்சி அடிங்க, இன்னொன்னுல சுத்தமான தொட்டித் தண்ணியில அலசுங்க. பவளம் ஒட்டியிருக்கிற அடிக்கட்டைய, ப்ளக்க, ஒடச்சுத் தூக்கிப் போட்டுட்டுப் புது ப்ளக்ல ஒட்டுங்க. கிண்ணத்து அடியில என்ன உழுந்து கெடக்குன்னு பாத்தீங்கன்னா ஒவ்வொரு தடவயும் ஏதாச்சும் ஒன்னு இருக்கும்.

ஈசூன்ரீஃப் | ஞாயிறு, காலை 11:15

சரிங்கண்ணே. சம்ப்ல இருந்த ரெண்டையும் இப்பதான் எடுத்தோம், மூனாவதா ஒன்னு ஸ்கிம்மர் காலுக்குப் பின்னாடி இருந்துச்சு, மகதான் கண்டுபிடிச்சா. அடுத்த சனிக்கிழம போட்டுட்டு இங்கயே எழுதறேன்.